தொண்ணூற்றாறில் கொதித்த தண்ணீர்

போன வாரம் சேந்தமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற டீச்சர்களுக்கு இப்போதெல்லாம் இந்த மாதிரிப் பதவிதான் கிடைக்கிறது. ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் உண்டு. அங்கே சுவர் அகலத்துக்கு ஒரு திரை. ஒரு சிறுமி விரலால் தொட்டாள். படத்துக் குவளைக்கு அடியில் நீலமாகத் தீ வந்தது, எண்கள் மளமளவென்று ஏறி நூறில் நின்றன, குமிழிகள் பொங்கின. "நூறு டிகிரியில கொதிக்கும் மிஸ்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அதுலயே வருதுங்க மிஸ்." எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தக் குழந்தைமேல் என்ன கோபம், அந்தத் தீயின் மேல்தான். தீ என்றால் ஒரு வாசனையாவது வேண்டாமா?

எனக்கு அறிவியல் என்றாலே மண்ணெண்ணெய் வாசனை. கொல்லிமலையில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த விடுதிப் பள்ளியில் ஒரு பம்ப் ஸ்டவ் இருந்தது. நாலு தரம் ஒழுங்காக எரியும், ஐந்தாவது தரம் புருவத்தைக் கருக்கும். அந்த வருஷம் முழுக்க எனக்கு இடது புருவம் பாதிதான். பெண் பார்க்க வந்தவர்கள் வேறெதையும் பார்க்காமல் அதையே பார்த்துவிட்டுப் போனார்கள். போகட்டும், அது வேறு கதை.

கையில் இயற்பியல் பட்டம், வருஷாவருஷம் உத்தரவைப் புதுப்பித்தால்தான் நீடிக்கும் தற்காலிக வேலை, வாயில் மட்டும் ஊர்ப்பட்ட வீராப்பு. "புஸ்தகத்துல படிச்சாப் போதாது, செஞ்சு பாக்கோணும்" என்று ஒன்பதாம் வகுப்பில் முழங்கிவிட்டு, ஸ்டவ்வைப் பற்றவைத்து, சட்டியில் தண்ணீர் ஊற்றி, அடியில் படாமல் வெப்பமானியைத் தொங்கவிட்டேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பாதரசம் தொண்ணூற்றாறில் நின்றது. இன்னும் பம்ப் அடித்தேன். ஸ்டவ் சீறியது, சட்டி குலுங்கியது, பாதரசம் அசையவில்லை. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கூசாமல் சொன்னேன்: "இது பழுது. எல்லாரும் நூறுன்னு எழுதிக்குங்க."

எல்லாரும் எழுதினார்கள், பவுனு ஒருத்தியைத் தவிர.

பவுனுவின் வீட்டார் வருஷத்தில் இரண்டு மாதம் காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் கட்டட வேலைக்கு இறங்கிப் போவார்கள், அவளும் கூடப் போவாள். அதனால் பாடம் பாதி போகும், மார்க் எப்போதும் விளிம்பில் நிற்கும். ஒன்பதில் தவறினால் சித்தாள் வேலைதான் என்று அவள் அப்பா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படிப்பட்டவள் நோட்டில் 96 என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையில் சுழித்தேன்.

"நூறுன்னு எழுதச் சொன்னேன்ல கண்ணு?"

"இல்லீங்க டீச்சர், தொண்ணூத்தாறுலதானுங்க நின்னுச்சு."

"அதான் பழுதுன்னேனே!"

"பழுதுன்னு எப்படீங்க தெரியும்?"

நூறு காட்டவில்லை, அதனால் பழுது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று எனக்கே உறைத்து மூடிக்கொண்டேன்.

நல்லதாக வேறொன்று இருக்குமா என்று அலமாரியைக் குடைந்தேன். அடித்தட்டில் அட்டை உறையோடு பதினொரு வெப்பமானிகள். இருப்புப் பதிவேட்டைப் புரட்டினால் ஒவ்வொன்றுக்கும் நேரே ஒவ்வொரு கையெழுத்தில் 'பழுது'. எனக்கு முன்னால் வந்த டீச்சர்களும் சார்களும் ஆளுக்கொரு முறை தண்ணீரைக் கொதிக்க வைத்து, நூறு வராததால் பழுதென்று எழுதி, புதிது கேட்டு வாங்கியிருக்கிறார்கள். புதிதும் நூறு காட்டியிருக்காது. இந்த முட்டாள்தனம் மலைமேல் வேலை பார்த்தவர்களுக்கே உரியது. கீழே இருப்பவர்களுக்கு ஆசைப்பட்டாலும் வாய்க்காது.

மறுநாள் பெரிய சட்டி வைத்தோம். பதினொன்றில் ஒன்று நிஜமாகவே உடைந்திருந்தது. மிச்சம் பத்தையும் ஒரே சட்டியில் இறக்கினோம். ஒன்று தொண்ணூற்றைந்து, ஒன்று தொண்ணூற்றேழு, மற்றதெல்லாம் தொண்ணூற்றாறு. பவுனு என்னைப் பார்த்தாள்.

"பத்தும் பேசி வச்சுக்கிட்டா பொய் சொல்லுதுங்க டீச்சர்?"

அடக் கடவுளே! உயரம் போகப் போகக் காற்றழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் தண்ணீர் நூறுக்கு முன்பே கொதிக்கும். கல்லூரியில் படம் போட்டுப் பத்து மார்க்குக்கு எழுதியவள் நான். அது என் காலடியில் இருக்கும் மலையைப் பற்றியது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, மானம் போனது.

சொல்லிவிட நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏன் இப்படி ஆகுது?" என்று பிள்ளைகளைக் கேட்டேன். தண்ணி காரணம் என்றது ஒன்று, ஸ்டவ் காரணம் என்றது இன்னொன்று. பவுனு மட்டும், "எங்கூட்டுல பருப்பு வேக மத்தியானம் ஆயிருமுங்க. கீழ வேலைக்குப் போனா அதே சட்டியில வெரசா வெந்துருது. எடந்தான் காரணமுங்க" என்றாள். "கீழ வேற தண்ணிடி" என்று மற்றதுகள் கத்தின. அப்படியானால் தண்ணீர், சட்டி, ஸ்டவ், வெப்பமானி நாலையும் அப்படியே வைத்துக்கொண்டு இடத்தை மட்டும் மாற்றிப் பார்ப்போம் என்று முடிவானது. அந்த முடிவுக்கு வந்தது பிள்ளைகள்தான், நான் சும்மா கரும்பலகையில் எழுதினேன்.

அதற்குள் பவுனுவின் நோட்டு தலைமையாசிரியர் கண்ணில் பட்டுவிட்டது. கீழே இருந்து வந்தவர், நல்ல மனுஷர்தான், ஆனால் பயம் உடம்போடு பிறந்தது.

"இதை நூறுன்னு திருத்தச் சொல்லுங்கம்மா. இல்லாட்டி செய்முறை மார்க் பத்தும் கிடையாது."

காற்றழுத்தத்தை விளக்கினேன்.

"எனக்கும் தெரியும்மா. மேலிடத்துல இருந்து வந்து பாத்தா யார் பதில் சொல்றது?"

எங்களுக்கு மேலிடம் எப்போதும் மலைக்குக் கீழேதான் இருந்தது. சிரிக்கிற நிலையில் நான் இல்லை. அந்தப் பத்து மார்க் இல்லாவிட்டால் பவுனு தேற மாட்டாள். அவளைக் கூப்பிட்டு, "திருத்திரு சாமி, பத்து மார்க்கு. அப்புறம் செங்கல் சுமக்கவா போறே?" என்றேன்.

"நீங்க வேணா அடிச்சு எழுதிக்குங்க டீச்சர். எங்கையால எழுத மாட்டேனுங்க."

அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறினோம். நான், பவுனு, மிளகு மூட்டையோடு அவள் அப்பா. "ஏனுங்க டீச்சரம்மா, தண்ணி காய வெக்க எழுவது வளைவு எறங்கோணுமுங்களா?" என்று அவர் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். பாதி வளைவுக்குமேல் நான் பதில் சொல்லும் நிலையில் இல்லை, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். பவுனு வெப்பமானியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்து ஆடாமல் அசையாமல் வந்தாள்.

சேந்தமங்கலத்தில் ஒரு டீக்கடை ஓரத்தில் ஸ்டவ்வைப் பற்றவைத்தோம். மலைத் தண்ணீர், மலைச் சட்டி. டீ குடிக்க வந்தவர்கள் டம்ளரோடு சுற்றி நின்றுகொண்டார்கள். பாதரசம் தொண்ணூற்றாறைத் தாண்டியது. தொண்ணூற்றேழு, எட்டு. தொண்ணூற்றொன்பதைத் தொட்டு, ஒரு மயிரிழை மேலே போய் நின்றது. எனக்கு ஆசை விடவில்லை.

"கிட்ட வந்துருச்சே கண்ணு, நூறுன்னே போட்டுக்கலாமா?"

"வரலீங்களே டீச்சர்" என்று சொல்லிவிட்டு 99 என்று எழுதினாள். அவள் அப்பா குனிந்து அந்தக் கண்ணாடிக் குச்சியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "அப்பப் பருப்பு சங்கதி நெசந்தானுங்க" என்றார். சித்தாள் பேச்சை அன்றைக்கு அவர் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் நோட்டை இரண்டு தரம் படித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நோட்டுல நூறு இருக்கணும்" என்றார். நான் அவர் எதிரிலேயே பத்துக்குப் பத்து போட்டேன்.

"கையெழுத்து உங்களுது. நாளைக்கு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேனுங்க சார்."

அதே சூட்டோடு பதிவேட்டை இழுத்து, பத்து 'பழுது'களையும் அடித்து 'நன்று' என்று எழுதி ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டேன். பவுனு பத்தாம் வகுப்புக்குப் போனாள். ஜூன் மாதம் என் உத்தரவு புதுப்பிக்கப்படவில்லை. காரணம் எதுவும் எழுதவில்லை. எழுதியிருந்தால் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருப்பேன்.

அடுத்த வருஷம் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். பத்தாவது தேறியிருந்தாள்.

"டீச்சர், அறிவியல் தாள்ல கோடிட்ட இடத்தை நிரப்புங்கன்னு ஒண்ணு வந்துச்சுங்க. நீரின் கொதிநிலைன்னு போட்டு நீளமாக் கோடு."

"என்ன எழுதினே?"

"எந்த ஊரில்னு எழுதிட்டு வந்தேனுங்க."

"மார்க் போயிருக்குமே சாமி!"

"போனாப் போகுதுங்க."

நான் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

கொல்லிமலைப் பள்ளியில் அந்த அறிவியல் அறையை இடித்துவிட்டார்கள். அலமாரியும் பதிவேடும் எங்கே போயின என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. கட்டடம் போனதற்கு நான் அழப்போவதில்லை, புதிது நன்றாகவே இருக்கிறது. வயிறு எரிவது வேறொன்றுக்கு. இப்போது தேர்வுத்தாள் என்று கையில் கிடைப்பதையெல்லாம் வாங்கிப் பார்க்கிறேன். கேள்விக்குக் கீழே நாலு வட்டம், ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும். 'எந்த ஊரில்?' என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்க அதில் ஒரு விரற்கடை இடம்கூட விடவில்லை.