நான்கு தடவை சொன்னார்

எர்ணாவூர் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். சேவியர் சைக்கிளை விட்டு இறங்கி, ஹாண்டில்பார் மேல் குனிந்து நின்றிருந்தார். திரும்பிப் போய்க் கேட்டதற்கு, செயின் கழன்றுவிட்டது என்றார். செயின் அதன் இடத்தில்தான் இருந்தது. சோம்பேறித்தனம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

என் கணவரின் நோய் முதலில் எங்களுக்குத் தன்னைக் காட்டியது அன்றுதான். எனக்கு அது தெரியவில்லை.

நான் ராயபுரத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் டிரில் டீச்சர். அவர் துறைமுகத்தில் டாலி கிளார்க், கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கும் வேலை. கல்யாணத்துக்கு முன் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, நான் சைக்கிள் ஓட்டுவதை விடக்கூடாது. ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் இருவரும் கிளம்பிவிடுவோம். கல்மண்டபம், திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் முகத்துவாரம், கொசஸ்தலை ஆறு கடலில் சேருமிடம் வரை போவோம். அங்கே சைக்கிள்களைப் படகில் ஏற்றி, அக்கரையில் காட்டுப்பள்ளிப் பக்கத்து மணலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் ஓட்டுவதைத் தெருவே வேடிக்கை பார்க்கும். அதில் அவருக்குப் பெருமை.

கேட்டருகே அவர் இறங்கிய பிறகு, ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கினார். படுக்கும்போது ஒரு தலையணை இரண்டானது, பிறகு மூன்று. சிகரெட்டால் வந்த வினை என்றேன். அவர் சிகரெட்டை விட்டார். மூச்சு வாங்குவது நிற்கவில்லை. பழக்கம் விட்டுப்போனதால்தான் என்று நானே முடிவு செய்து, அவருக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தேன். பள்ளியில் களைத்து உட்காரும் பெண்களை எழுப்பி ஓடவைப்பது என் தொழில். வீட்டிலும் அதையே செய்தேன்.

இரண்டாம் வருடம் மார்கழி மாதம். வாடைக்காற்று எதிரே அடித்தது. அவரை முன்னால் விட்டு, நான் பின்னாலிருந்து விரட்டிக்கொண்டே போனேன். திருவொற்றியூர் தாண்டியதும் சாலையோரம் இறங்கி இருமினார். கைக்குட்டையில் ரோஜா நிறத்தில் நுரை. அவர் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கப் போனார். நான் பிடுங்கிப் பார்த்தேன்.

மறுநாள் மருத்துவமனையில் டாக்டர் வெகுநேரம் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். சின்ன வயதில் முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்றார். கூட வந்திருந்த என் மாமியார், "பத்து வயசுல சார். ஒரு மாசம் எயுந்துக்கவே இல்ல. அப்பால சரியாயிட்ச்சி" என்றார்.

சரியாகவில்லை. அந்த ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வந்து மூட்டையும் இதயத்தையும் தாக்குவது) இதயத்தில் வடுவை விட்டுப் போயிருந்தது. அதனால் இப்போது மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதயத்தின் இடப்பக்க வால்வு குறுகிப்போதல்). ரத்தம் முன்னே போக வழியில்லாமல் நுரையீரலில் தேங்குகிறது.

"எத்தனை நாளா மூச்சு வாங்குது?"

அவர் பதில் சொல்லுமுன் என் முகத்தைப் பார்த்தார். "ரெண்டு வருசமா டாக்டர்."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. அப்போதே வந்திருந்தால் நுரையீரல் இவ்வளவு கெட்டிருக்காது என்று மட்டும் சொன்னார்.

அறுவை சிகிச்சையில், துடிக்கிற இதயத்துக்குள்ளேயே விரலை விட்டு வால்வை விரித்தார்கள். காலையிலிருந்து தாழ்வாரத்தில் நின்றேன். பெஞ்சு இருந்தது, உட்காரத் தோன்றவில்லை. பிழைத்துக்கொண்டார் என்று சொன்னபோது, பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். இடது மார்புக்குக் கீழே தொடங்கி, முதுகுப்பக்கம் தோள்பட்டை எலும்பு வரை வளைந்து போகும் தழும்பு. உடம்பைத் துடைத்துவிடும்போது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"சொன்னேன் ரெஜி. நாலு தபா சொன்னேன்" என்றார். குரலில் குற்றச்சாட்டே இல்லை. "நீ ஸ்கூல் பொண்ணுங்கள சொல்ற மாரியே, நடிக்காதேன்னிட்ட."

எனக்கு இரண்டு தடவைதான் நினைவிருந்தது. மற்ற இரண்டும் எங்கே, எப்போது என்று அவரிடம் கேட்கத் துணிவு வரவில்லை. இன்றும் கேட்கவில்லை.

அறுவைக்குப் பின் முதல் வருடம் நன்றாக இருந்தார். மூன்று வாரத்துக்கொரு பென்சிலின் ஊசி, நீர் பிரிய மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு. வேலைக்கும் போனார். அதன்பின் மூச்சு மெல்லத் திரும்பி வந்தது. வால்வு மறுபடி குறுகுகிறது, ஆனால் இந்த நுரையீரலோடு இன்னொரு அறுவை வேண்டாம் என்கிறார் டாக்டர். எத்தனை நாள் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாராவது முடியவில்லை என்று சொன்னால், முதல் தடவையே நம்புங்கள். உங்கள் உடம்பின் தெம்பை வைத்து அவர்கள் உடம்பை அளக்காதீர்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்.

எங்கள் வீடு மாடியில். பதினாறு படிகள். முன்பு பால் செம்போடு ஓடி ஏறுவேன். இப்போது சாயங்காலம் அவரோடு ஏறும்போது நாலு படிக்கொரு தரம் உட்காருகிறோம். ஆரம்பத்தில் நான் நின்றுகொண்டே காத்திருப்பேன், கால் துறுதுறுக்கும். ஒருநாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எட்டாம் படியில் சுவரில் ஒரு சிறிய ஜன்னல். கல்யாணமாகி வந்த நாள் முதல் அதைக் கடந்து போயிருக்கிறேன், எட்டிப் பார்த்ததில்லை. உட்கார்ந்து பார்த்தால் கூரைகளுக்கு மேல் கப்பல்களின் கொடிக்கம்பங்கள் தெரிகின்றன. எந்தக் கொடி எந்த நாடு என்று அவர் சொல்கிறார். ஒரு நாட்டின் பெயருக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு எடுத்துக்கொள்கிறார். அந்த இடைவெளியில் என் மூச்சும் தானாக நின்றுவிடுகிறது. அவருடையது திரும்பிய பிறகே என்னுடையது வருகிறது.

"போலாமா?" என்கிறார்.

"இருங்க" என்கிறேன் நான்.