அம்மா போக வேண்டும், பிள்ளை போகக் கூடாது

ஐம்பதுகளின் கடைசியில் கோலார் தங்கவயலில் இது நடந்தது. சுரங்கங்கள் கம்பெனியின் கையிலிருந்து சர்க்காரின் கைக்கு மாறிச் சில வருடங்களே ஆகியிருந்தன. நான் அங்கே கோரமண்டல் என்ற பகுதியில் குடியிருந்தபடி ஒரு தமிழ்த் தினசரிக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். எங்கள் லைன் வீடுகளில் யாருக்கு ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். தந்தியோ, கோர்ட்டு சம்மனோ, நான் படித்துச் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பக்கத்து வீட்டில் ஒரு மேஸ்திரி இருந்தார். சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை. தன் ஒரே பெண்ணை ரங்கூனில் இருந்த மைத்துனர் மகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை அங்கேயே பிறந்து வளர்ந்து அந்த நாட்டுக் குடிமகன் ஆனவர். கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணுக்கும் அந்த நாட்டு பாஸ்போர்ட்தான். தலைப்பிரசவத்துக்காக அவளை ஏழாம் மாதத்தில் அழைத்து வந்தார்கள். எங்கள் ஊர் கம்பெனி ஆஸ்பத்திரியில் பிறந்த பெண், அதே ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வந்தபோது காகிதத்தின்படி வெளிநாட்டுக்காரி.

வந்த வாரமே மேஸ்திரி பாஸ்போர்ட்டை என்னிடம் நீட்டினார்.

"எத்தினி மாசம் போட்டுகிறாங்க, பாருங்க சார்."

பார்த்தேன். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குத் தரும் விசா. மூன்று மாதம். தேதியையும் சொன்னேன். திருப்பிக் கொடுத்தேன்.

அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்தார். "பொறந்த ஊட்டுக்கு வர்ற பொண்ணுக்கு மூணு மாசமா? ஏழாம் மாசம் கூட்டிகினு வந்தா, புள்ளைக்கு அஞ்சாம் மாசம்தான் கொண்டும்போய் உடுவோம். இது சர்க்காருக்குத் தெரியாதா?"

"நீட்டிக்கலாம்மா," என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். எப்படி, எப்போது என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

விசா முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஆண் குழந்தை பிறந்தது. கஷ்டமான பிரசவம். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். மேஸ்திரி பதற்றமே இல்லாமல் இருந்தார். சுரங்கத்தில் அவர் பழகிய முறை அப்படி. உடம்புக்கு வந்தால் முதலில் படுத்துக்கொள்ள வேண்டும். குணமானதும் டாக்டர் சீட்டை வாங்கி, வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீசில் கொடுத்தால், படுத்த நாள் முழுவதும் லீவில் சேர்ந்துவிடும். சீட்டில் ஆஸ்பத்திரியை விட்டு வந்த தேதி இல்லாவிட்டால் டைம் ஆபீஸ் வாங்காது. முப்பது வருடம் இப்படியே லீவு எடுத்தவர், விசாவும் அப்படித்தான் என்று நம்பியதில் என்ன தவறு? பெண் வீட்டுக்கு வந்ததும் சீட்டை வாங்கிக்கொண்டு, வெளிநாட்டவர் காகிதங்களைப் பார்க்கும் ஆபீசுக்குப் போனார். எந்த ஆபீஸ் என்று நான் எழுதப்போவதில்லை. அங்கிருந்த குமாஸ்தா தேதியைப் பார்த்தார். ஆறு நாள் தாண்டிவிட்டது.

மறுநாள் ஓர் உத்தரவு வந்தது. பத்து நாளுக்குள் அந்தப் பெண் நாட்டை விட்டுப் போக வேண்டும். மீறினால் வழக்கு.

மேஸ்திரி ஷிப்ட் முடிந்து, தலையில் விளக்குத் தொப்பியின் தடம் மாறாமல், அந்தக் காகிதத்தோடு என் வாசலில் நின்றார்.

"கப்பல் ஏத்திடலாம் சார். ஆனா கைக்குழந்தை? அதும் பேரு எந்த பாஸ்போர்ட்டுலயும் இல்லன்னு சொல்றாங்க. ஆத்தா போவணுமாம், புள்ள போவக் கூடாதாம். பால் யாரு குடுக்கறது? இன்னா நியாயம் இது?"

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒன்பது நாள் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கும் அந்த உத்தரவில் குழந்தையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கீழே கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.

மறுநாள் காலை பெண்ணையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு மேஸ்திரியும் அவர் மனைவியும் நானும் போனோம். பச்சை உடம்புக்காரியை அலைக்கழிக்க வேண்டாம் என்று பார்த்தால், அவள் நேரில் வராமல் பேசவே முடியாது என்று குமாஸ்தா முதல் நாளே சொல்லியிருந்தார். வராந்தாவில் ஒரு பெஞ்சு. அதில் கோப்புகள் அடுக்கியிருந்தன. அவள் தரையில் உட்கார்ந்தாள்.

மேஸ்திரியின் மனைவி குமாஸ்தாவைக் கேட்டார்: "ஐயா, நீங்க எந்த ஊட்டுல பொறந்தீங்க?"

"ஏம்மா?"

"உங்க ஆத்தாவும் அம்மா ஊட்டுல தான பெத்துருப்பாங்க? மூணு மாசத்துல தொரத்திவுட்டாங்களா?"

வராந்தாவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குமாஸ்தா சிரிக்கவில்லை. "ரூல் ரூல்தாம்மா. தேதி முடியறதுக்கு முன்னாடி அப்ளிகேஷன் கொடுத்திருக்கணும். நான் என்ன பண்ண முடியும்?"

"அந்த ரூல் எங்கே இருக்கிறது? காட்டுங்கள்" என்றேன். புத்தகம் பீரோவில் இருப்பதாகவும், சாவி வைத்திருப்பவர் விடுமுறையில் இருப்பதாகவும் சொன்னார். சரி, நீட்டிப்பு கேட்கும் வெறும் படிவம் ஒன்றாவது கொடுங்கள் என்றேன். மேஜைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார். அப்படியே நின்றுகொண்டு படித்தேன். முன்பக்கத்தில் பெயர், ஊர், பாஸ்போர்ட் எண். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்புகள். கடைசிக் குறிப்பு இரண்டே வரி. நோய் முதலிய தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதம் ஆனால், டாக்டர் சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம். அதிகாரி தாமதத்தை மன்னித்து நீட்டிப்புத் தரலாம்.

மேஸ்திரியின் சட்டைப் பையில் இருந்த சீட்டு போதும். அவர் அதை அந்த மேஜையில் ஏற்கெனவே ஒருமுறை வைத்துமிருக்கிறார்.

படிவத்தை அங்கேயே நிரப்பினேன். பெண் கையெழுத்துப் போட்டாள். உள்ளே இருந்த அதிகாரி படித்தார், சீட்டைப் பார்த்தார், வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தவளையும் எட்டிப் பார்த்தார். உத்தரவை ரத்து செய்து நான்கு மாதம் நீட்டித்தார். குழந்தையின் பெயரைத் தாயின் பாஸ்போர்ட்டில் சேர்க்க அந்த நாட்டுத் தூதரகத்தில் யாருக்கு எழுத வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். எல்லாம் பத்து நிமிடத்துக்குள் முடிந்தது.

வெளியே வந்து குமாஸ்தாவின் முன்னால் நின்றேன். "இந்தக் குறிப்பு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"அன்றைக்கு இவர் சீட்டோடு வந்தபோது ஏன் சொல்லவில்லை?"

"அவர் கேக்கலையே சார்."

அந்தப் பதிலில் கேலியும் இல்லை, பகையும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாக ஆத்திரம் வந்தது. நான் வாய் திறப்பதற்குள் மேஸ்திரி பேசினார். சத்தமே போடவில்லை.

"ஷாப்டு குழியில எங்கள எறக்கற கேஜ் கீழ போறப்போ பெல் அடிக்கறவரு, கைய உள்ள வையி, தலைய உள்ள வையின்னு கத்துவாரு சார். நாங்க கேட்டா கத்தறாரு? கேக்கட்டும்னு அவரு சும்மா இருந்தா எங்க கை தலையெல்லாம் இன்னாவும்?"

குமாஸ்தா கோப்பைப் புரட்டினார். எனக்கோ முகத்தில் அறைந்தது போல இருந்தது. அவர் குமாஸ்தாவைத்தான் சொன்னார், என்னை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு முன்பு அந்தப் பாஸ்போர்ட் என் கையில் இருந்தது. எத்தனை மாதம் என்று கேட்டார்கள், எத்தனை மாதம் என்று சொன்னேன். முடிவதற்கு முன்பே விண்ணப்பம் கொடுங்கள் என்ற ஒரு வாக்கியத்தை அவர்கள் கேட்கவில்லை என்பதற்காக நான் சொல்லாமல் விட்டேன். குமாஸ்தாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவருக்குச் சம்பளம் உண்டு.

வீடு திரும்பும்போது அதை மேஸ்திரியிடம் சொன்னேன். "உடுங்க சார், நீங்க இல்லன்னா இன்னிக்கி ஆயிருக்குமா?" என்றார். அந்தப் பெருந்தன்மை எனக்கு ஆறுதலாக இல்லை.

குழந்தைக்கு ஐந்தாம் மாதம் தொடங்கும் முன் பெண் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினாள், பிள்ளையோடு, சரியான காகிதங்களோடு. பிறகு நான் அந்தக் குமாஸ்தாவைப் பற்றி ஒரு செய்தி எழுதத் தொடங்கி, பாதியில் கிழித்துப் போட்டேன். என் பெயரையும் சேர்க்காமல் அதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இத்தனை வருடம் கழித்தும் என் கோபம் அந்த ரூலின் மேல் இல்லை; அது அந்தத் தாய்க்கு இரண்டு வரி இடம் ஒதுக்கித்தான் வைத்திருந்தது. அதைப் படிக்கத் தெரிந்த குமாஸ்தாவும் நானும், படிக்கத் தெரியாத ஒருவர் வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தோமே, அதை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.