கப்பல் விட்டவனும் விடாதவனும்: கிரினிச்சில் ஒரு பகல்

கொழும்பில் சனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் சனம் இறங்கிக் குளித்த வருசம். இங்கே லண்டனில் ராணி செத்து, ஆற்றங்கரை முழுக்க வரிசை நின்றது. பிரதமரும் மூன்று பேர் மாறினார்கள். அந்த ஒக்டோபரில்தான் நோர்வேயிலிருந்து சவிரி வந்தான். எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல மகள் தட்டுகிறாள்.

ஊரில் ஒரே வள்ளத்தில் நாலு பேர் கடலுக்குப் போனோம். எங்களில் ஒருத்தன் செத்தால், கூடத் தொழில் செய்தவர்கள்தான் பெட்டி தூக்குவது. அதுதான் வழக்கம். நாட்டுச் சண்டை எங்களைப் பிரித்தது. அந்தோனி சுவிஸ், சவிரி நோர்வே, நானும் பிலிப்பும் லண்டன். அந்தோனியை அங்கே புதைத்தபோது விசாப் பேப்பர் இல்லாமல் ஒருவராலும் போக ஏலவில்லை. பிலிப்பின் பெட்டியை என்னோடு தூக்கியது சவ அடக்கக் கம்பனியின் கறுப்புக் கோட்டுப் போட்ட, முகம் தெரியாத மூன்று பேர். சவிரிக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. தன் பெட்டியைத் தூக்க வருவேன் என்று என்னிடம் வாக்கு வாங்க வந்திருந்தான். கேட்க வாய் வராமல், "கப்பல் பார்ப்பம்" என்றான்.

லூயிஷாமில் டிஎல்ஆர் ரயில் ஏறினால் கிரினிச் பத்து நிமிடம். கப்பல் மியூசியம் காலை பத்துக்குத் திறக்கும், நுழைவு இலவசம். (எங்களிடம் எடுத்ததை எங்களுக்குச் சும்மா காட்டுகிறார்கள். பெரிய மனசு.) உள்ளே நிலத்தில் பெரிய உலகப் படம், ஏறி நடக்கலாம். சவிரி நோர்வேயில் போய் நின்றான்.

"பார் மச்சான், எவ்வளவு கரை! எண்டாலும் என்ர ஆக்கள் ஒருத்தற்ற நாட்டையும் பிடிக்கேல்ல. நல்ல சனமடா."

"நல்ல சனமோ? அவங்களையே முதல் டென்மார்க்கும் பிறகு சுவீடனும் வைச்சிருந்தது. டென்மார்க் தரங்கம்பாடியில கோட்டை கட்டினவன்."

"அப்ப சுவிஸ்?"

"கடல் இல்லை. ஆனா மற்றவன்ர கப்பலுக்குக் காசு போட்டு லாபம் திண்டவங்கள் அங்கயும் இருந்தவங்கள்."

"ரஷ்யா?"

"பக்கத்துக் காணியைத் திண்டு முடிக்கவே அவனுக்குக் காலம் காணாது. போர்த்துக்கீசனுக்கு முதுகில ஸ்பெயின், முன்னால கடல். எங்க போவான்? கரை மட்டும் இருந்தாக் காணாது சவிரி. எங்களுக்கும் கரை இருந்தது. வள்ளமும் வலையும் தாற சம்மாட்டி வேணும். இவங்களுக்கு ராசாவும் வியாபாரியும் சேர்ந்து சம்மாட்டி."

"ரேடியோ கேட்டே புரபெசர் ஆகிட்டாய். இவ்வளவு தெரிஞ்சும் ஏன்டா இவங்களிட்டையே வந்தனி?"

"எங்களைத் திண்டவன், ஒரு வாய் சோறாவது போடுவான் எண்டு நினைச்சன்."

"போட்டானோ?"

"முப்பது வருசம் எயார்போட் கக்கூஸ் கழுவ விட்டான்."

சிரித்தான். சிரிப்பு இருமலாகி, ஆபிரிக்காவின் மேலேயே குந்திவிட்டான். மூச்சு வந்த பிறகு நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான்:

"நான் போனா வருவியோ?"

"இப்ப பாஸ்போட் இருக்கு. வருவன்."

போகிறவர்களுக்கு: கிழமை நாளில் ஒன்பது மணிக்குப் பிறகு போங்கள், முதியோர் அட்டைக்குப் பயணம் இலவசம். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். நோய் வருத்தக்காரரைக் கூட்டிப் போனால் கதிரை பார்த்து முதலில் இருத்துங்கள், கப்பல் எங்கேயும் ஓடாது.

மாசியில் நோர்வேயின் பேர்கனுக்குப் பறந்தேன். பனியில் கால் வழுக்க வழுக்கப் பெட்டிக்குத் தோள் கொடுத்துச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். ஆண்டவர்களின் நாட்டிலும் ஆளாதவர்களின் நாட்டிலும் மண் ஒரே குளிர்தான்.

அந்த வள்ளத்தில் இப்போது உயிரோடு இருப்பது மரியநாயகம் ஒருவன். அது நான்.