அக்கா கையில் இருந்த நார்

கொடுத்தவனே எடுத்துக்கொண்டான் என்று மனத்தைத் தேற்றி ஓராண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களே, அக்கா அவர்களைப் பற்றி எழுதும்படி அவர்கள் மகன் என்னிடம் சொன்னதும் வழக்கம்போல நான் நழுவப் பார்த்தேன்.

பழவேற்காட்டில், ஏரிக் காற்று கேட்காமலே உள்ளே வரும் வீட்டில் அக்கா பிறந்தார்கள். சிறு வயதிலேயே மச்சானைப் பறிகொடுத்து, பனையோலைக் கூடை முடைந்து மகனை ஆளாக்கினார்கள். முடையும்போதெல்லாம் பாட்டுதான். மருதாணி இடும் நாளில் நம் பெண்கள் பாடிவந்த, அரபும் தமிழும் கலந்த பழைய பாட்டுகள். அவற்றுக்கு ஏரியில் துடுப்புப் போடும் தெலுங்குப் படகுக்காரர்களின் தாளத்தைக் கொடுத்தார்கள். பிறகு என் ஆர்மோனியத்தையும் சேர்த்தார்கள். வம்பு அங்கேதான் தொடங்கியது; பாட்டோடு வாத்தியம் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் முணுமுணுத்தார்கள்.

“பெரிய மாமா மூஞ்ச சுளிச்சார்னா இன்னியோட பாட்ட வுட்டுர்றேன்டா,” என்றார்கள், சித்தி மகள் கல்யாணத்தன்று. ஊரில் மாமா சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

பெண்கள் திரைக்கு உள்ளே, நான் வெளியே. அதனால் கூடை நாரை என் கால் கட்டைவிரலில் கட்டி, மறுமுனையை அக்கா பிடித்துக்கொண்டார்கள். ஓர் இழுப்பு என்றால் வாசி, இரண்டு என்றால் நிறுத்து.

மாலை வெயில் ஏரியில் கரைந்துகொண்டிருந்தது. திரைக்குள்ளிருந்து வந்த குரல், தண்ணீர் தூக்கத்தில் பேசுவது போலிருந்தது. அப்போது மாமா எழுந்தார்.

எனக்கு அன்று நாற்பது வயது. மூன்று பிள்ளைகளின் தகப்பன். ஆர்மோனியப் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். காலில் கட்டிய நாரை மறந்தேன். அக்கா தேர்ந்தெடுத்த நார் அறுமா? மாமாவின் காலடியில் போய் விழுந்தேன்.

பெட்டி நின்றும் அக்கா நிறுத்தவில்லை. தொடையில் படகுத் தாளம் தட்டியபடி தனியே பாடினார்கள்.

“இன்னாடா, எங்க ஓட்ற?”

“நீங்க எழுந்தீங்களே மாமா...”

“காது சரியா கேக்கல, கிட்டக்க குந்தலாம்னு எழுந்தேன்டா பேமானி! குறுக்கால வுழுந்துகினு... போய் வாசி!”

உள்ளே ஒரே சிரிப்பு. நார் ஒருமுறை இழுபட்டது. அதன்பின் செவ்வாப்பேட்டை வரைக்கும் எங்களைக் கல்யாணங்களுக்கு அழைத்தார்கள்.

கடைசி நாட்களில், கும்மிடிப்பூண்டியில் மகன் வீட்டில் அக்காவின் குரல் அடங்கிவிட்டது. முகத்தைப் பார்க்கத் தைரியமின்றி, அறைக்கு வெளியே பெட்டியோடு உட்கார்ந்தேன். மருமகள் ஒரு நாரோடு வந்து என் கட்டைவிரலில் கட்டினாள்.

“மாமி சைகை காட்னாங்க. நீங்க ஓடிடுவீங்களாம்.”

ஓர் இழுப்பு வந்தது. வாசித்தேன்.

கண்ணாகப் பார்த்துக்கொண்ட அந்த மருமகளுக்கும், அழைத்த நேரமெல்லாம் வந்த வைத்தியருக்கும், அக்காவைப் பழவேற்காட்டு மண்ணுக்குக் கொண்டுவந்து சேர்த்த படகுக்காரர்களுக்கும், தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நிறுத்தச் சொல்லும் இரண்டு இழுப்பு மட்டும் கடைசிவரை வரவில்லை. அதனால் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.