ஃப்ளாப்பிக்குப் பொட்டு வைத்த கதை

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு ஃப்ளாப்பியை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினோம்.

சிரிக்காதீர்கள். சரி, சிரித்தாலும் பரவாயில்லை... நானே இப்போதுதான் சிரிக்க ஆரம்பித்திருக்கிறேன். சரஸ்வதி பூஜை அன்று மத்தியானம் சிரிக்கிற நிலைமையில் யாரும் இல்லை.

ஃப்ளாப்பி என்றால் உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுர பிளாஸ்டிக் அட்டை. ஓரத்தில் தகரத்தில் சின்னதாக ஒரு ஷட்டர். கம்ப்யூட்டரில் செய்த வேலையை அதில் ஏற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போகலாம். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுவிட்ட எனக்கு இவ்வளவு தெரிந்திருப்பதே என் மகள் பிருந்தாவின் தயவு. இன்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கிறாள்.

அவள் இரண்டாம் வருஷத்தில் இருந்தபோது வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினோம். மயிலாப்பூரில் ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? 'கம்பெனிப் பெட்டியாகப் பார்த்து வாங்கு, தனித்தனியாக வாங்கிச் சேர்த்தது நிற்காது' என்றார்கள் என் கணவரின் ஆபீஸில். மாடி வீட்டு மாமி, "கலர் டி.வி. மாதிரி பெரிசா வாங்கிக்கோங்கோ. எங்காத்துல சின்னதா வாங்கிண்டு கண்ணைக் கசக்கிண்டிருக்கோம்" என்றாள்.

கடைசியில் தாஸிடம் போனோம். சைதாப்பேட்டைக்காரர். தி.நகரில் ஒரு புடவைக் கடைக்கு மேலே ஒற்றை அறையில், பாகங்களை வாங்கிச் சேர்த்துக் கம்ப்யூட்டர் செய்து தருகிறார். முப்பது வயது இருக்கும்.

"எத்தனை வருஷம் உழைக்கும்?" — ஃப்ரிட்ஜ் வாங்கும்போது கேட்ட அதே கேள்வியை என் கணவர் கேட்டார்.

"ரெண்டு வர்சத்துல பழசாய்டும் சார்."

விற்கிற மனுஷன் பேசுகிற பேச்சா இது?

"அப்புறம் எதுக்கு வாங்கணும்?"

"பாப்பா இப்பத்தான படிக்குது? ரெண்டு வர்சம் கழ்ச்சி நல்ல மிஷின் வரும்னு சொல்லிட்டு, அதுவரிக்கும் படிப்ப நிறுத்தி வச்சிகினு இருப்பீங்களா?"

தாஸ் எங்களை விட்டுவிட்டுப் பிருந்தா பக்கம் திரும்பினார். இதில் என்ன செய்யப் போகிறாய், டிராயிங்கா, ப்ரோகிராமா, எந்த சாஃப்ட்வேர் என்று பத்து நிமிஷம் கேட்டார். ஸ்பீக்கர் வேண்டுமென்று அவள் லிஸ்ட்டில் எழுதியிருந்ததைப் பேனாவால் அடித்தார். "பாட்டு கேக்க வூட்ல ரேடியோ கீதில்ல? அதுக்கு பதிலா மெமரி போட்டுக்க. வேணுன்னா அப்பால சொருவிக்கலாம்."

அப்படி வந்து சேர்ந்ததுதான் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர். வந்த நாளிலிருந்து அதற்கு ராஜ உபசாரம். திரைச்சீலைத் துணியில் நான் தைத்த உறை. அந்த அறைக்குள் செருப்பு போகக் கூடாது. கீ போர்டைத் தூசு தட்ட என் கணவர் தம் ஷேவிங் பிரஷ்ஷையே தியாகம் செய்தார். பிருந்தா மட்டும் அதைக் கம்பாஸ் பெட்டி மாதிரி சாதாரணமாக எடுத்து, சாதாரணமாக வேலை செய்வாள். எங்களுக்குத்தான் பயம். பயத்துக்கு இன்னொரு பெயர் மரியாதை!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வருஷம் அவளுக்கு ப்ராஜெக்ட். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறை. நீளமான இரும்புக் கம்பிகளை ஆர்டருக்குத் தகுந்தபடி வெவ்வேறு அளவில் வெட்டித் தருவார்கள். எதை முதலில் வெட்டினால் கடைசியில் துண்டு குறைவாக வீணாகும் என்று சொல்கிற ப்ரோகிராம் ஒன்றை இவள் எழுதினாள். பட்டறை முதலாளிக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது.

"ஏம்மா, கம்பி வெட்ட ரம்பம் வேணும். கம்ப்யூட்டர் எதுக்கு?" என்றாராம். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, "விஜயதசமி அன்னைக்குக் காலைல பத்து மணிக்கு வந்து ஓட்டிக் காட்டு. நல்ல நாள்ல ஓடிச்சுன்னா வச்சுக்கறேன். அன்னைக்கு ஓடலையா... வேற பட்டறை பார்த்துக்கோம்மா" என்றிருக்கிறார்.

வேறு பட்டறைக்கு எங்கே போவது? கடைசி வருஷத்தின் நடுவில் ப்ராஜெக்ட் கையை விட்டுப் போனால் அந்த வருஷமே போன மாதிரிதான்.

மூன்று வாரம் கல்லூரி லேபிலேயே உட்கார்ந்து ப்ரோகிராமை முடித்தாள். ஒரே ஒரு ஃப்ளாப்பியில் ஏற்றி எடுத்துக்கொண்டு பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். 'காலையில் நம் கம்ப்யூட்டரில் காப்பி பண்ணிக்கொள்ளலாம்' என்று அதைப் புத்தகங்களின் மேல் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். பாவம், அசதி.

காலையில் அவள் எழுந்திருக்கும் முன்பே நான் எழுந்து பூஜைக்கு அடுக்க ஆரம்பித்துவிட்டேன். கம்ப்யூட்டருக்கு மாலை. புத்தகங்களுக்குப் பொட்டு. மேலே இந்த ஃப்ளாப்பி. மூன்று வாரம் என் பெண்ணைச் சாப்பிடக்கூட விடாத பொருள் அல்லவா? அதற்குக் கூடுதல் மரியாதை வேண்டாமா? சந்தனத்தைத் தொட்டுத் தகர ஷட்டர் மேல் வைத்தேன். விரல் பட்டதும் ஷட்டர் நகர்ந்தது. உள்ளே பளபளவென்று பழுப்பாக ஒரு தகடு. அட, சரஸ்வதி உள்ளேயல்லவா இருக்கிறாள்!

அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். சந்தனம், அதன் மேல் குங்குமம்.

பதினோரு மணிக்குப் பிருந்தா பார்த்தாள். ஃப்ளாப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ளேயுமாம்மா வெச்சே?"

விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தை முந்தானையில் துடைத்தேன்.

"நல்லவேளை, மானிட்டருக்கு அபிஷேகம் பண்ணலை உங்கம்மா" என்றார் என் கணவர். அந்த நேரத்து ஜோக்குக்கு நாங்கள் இரண்டு பேரும் பார்த்த பார்வையில் அவர் எழுந்து போய் தாஸுக்குப் போன் செய்தார்.

இங்கேதான் பெரிய சிக்கல். ஆயுத பூஜை அன்று மெட்ராஸில் எந்த மெக்கானிக் கருவியைத் தொடுவார்? இருந்தும் ஒரு மணி நேரத்தில் தாஸ் வந்து நின்றார். நெற்றியில் பட்டை, கையில் பொரி பொட்டலம். ஃப்ளாப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா இது, ஃப்ளாப்பிக்குக் கண்ணாலம் பண்ணி வச்சிகிறீங்க?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சட்டென்று குரலை மாற்றினார். "கெடக்குது வுடுங்க. பாத்துக்கலாம்."

"ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வரலையாண்ணா?" என்றாள் பிருந்தா.

"டூல்ஸ் அல்லாம் சாமிகிட்ட கீது பாப்பா. வர்சம் பூரா அதுங்கதான் எனக்கு சோறு போடுது. ஒரே ஒரு நாள் லீவு வுட்டுகிறேன். கேன்சல் பண்ணச் சொல்றியா?" பிறகு என்னைப் பார்த்தார். "வூட்ல பூஜைல வைக்காத சாமான் இன்னா கீது? அத்த எட்தாங்க."

தேடினோம். கத்தி பூஜையில். கத்தரிக்கோல் பூஜையில். சுத்தியல், குறடு, தையல் மிஷின்... எல்லாவற்றுக்கும் பொட்டு. விடுபட்டது ஒன்றே ஒன்று: நகவெட்டி. அதை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் ஆயுதமாக மதித்திருக்கவில்லை.

அந்த நகவெட்டியின் நுனியால் ஃப்ளாப்பியின் விளிம்பை மெல்ல நெம்பிப் பிளந்தார் தாஸ். உள்ளேயிருந்து தகடு வந்தது. வட்டமாக, அப்பளம் மாதிரி மெல்லிசாக. அதை நடுவில் பிடித்துக்கொண்டு, குழாயடியில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, விரல் நுனியால் தடவித் தடவிக் கழுவினார். என் கணவர் சர்க்கரைக்காரர். இன்சுலின் போட வைத்திருக்கும் ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துவந்தார். கடைசியாக அதில் ஒரு துடைப்பு. மின்விசிறிக் காற்றில் நன்றாக உலர்த்தி, பிருந்தாவிடம் இருந்த புது ஃப்ளாப்பி ஒன்றைப் பிளந்து அதன் கூட்டுக்குள் இதை வைத்து மூடினார்.

"போட்டுப் பார்க்கலாமா அண்ணா?"

"மாலய போட்டுகினு ஒக்காந்துகீது, அத்தப் போயி எழுப்புவியா? நாளிக்குக் காலீல பாப்போம்."

வேண்டியதுதான். உயிர் இருக்கிறதா, இல்லையா... தெரியாமலே அன்றைய பொழுது முழுக்க ஓட்ட வேண்டும். பிருந்தா என்னோடு பேசவில்லை. அதைக் கவனித்த தாஸ் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவளிடம் சொன்னார்: "அம்மாவ ஒண்ணியும் சொல்லாத பாப்பா. என் கடைக்கு ரிப்பேருக்கு வர்ற பாதிப் பொட்டில தொறந்தா குங்குமம்தான் கொட்டுது. உள்ள இன்னா கீதுன்னு தெரியாதவங்களும் உனுக்காவ வேண்டிக்கிறாங்க. அவ்ளோதான்."

ஜனங்கள் சொல்கிற நல்ல வார்த்தைகளைக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துவைப்பது என் வழக்கம், பத்திரிகையில் என் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத்தான் தெரியுமே. இதையும் குறித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான்.

விஜயதசமி. ஆறு மணிக்கெல்லாம் மறுபூஜை முடித்து மாலையைக் கழற்றினேன். ஏழு மணிக்கு தாஸ் வந்துவிட்டார். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர், அதன் பிடியில் சந்தனப் பொட்டு. பிருந்தா ஃப்ளாப்பியைச் சொருகினாள்.

கர்ர்... கர்ர்... கர்ர்...

ஏழு ஃபைல்கள். ஒன்று வந்தது. இரண்டு வந்தது. ஆறு வரை வந்தது. ஏழாவதில் நின்றுவிட்டது. படிக்க முடியவில்லை என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி. கம்பியை வெட்டச் சொல்லும் கணக்கே அந்த ஏழாவதில்தான் என்றாள் பிருந்தா. திரும்ப முயற்சி செய்யச் சொல்லும் எழுத்தைத் தட்டினாள். அதே வரி. மறுபடி தட்டினாள். அதே வரி. கையை எடுத்துவிட்டாள்.

"அமுத்து பாப்பா" என்றார் தாஸ். "நேத்து குளிச்ச ஈரம். ஜல்ப்பு புட்ச்சிகினு தும்மிகினு கீது."

ஐந்தாவது தடவை, அந்தக் கர்ர் கொஞ்சம் நீண்டது. நின்றது. திரையில், ஒரு ஃபைல் காப்பி ஆனது என்று ஒற்றை வரி.

யார் முதலில் கை தட்டினது? என் கணவர்தான்.

பத்து மணிக்கு ஈக்காட்டுத்தாங்கல். நானும் போனேன், எதையும் தொடாமல் தள்ளியே நின்றேன். முதலாளி அன்றைய ஆர்டரைச் சொல்ல, பட்டறையில் பில் போட வைத்திருந்த கம்ப்யூட்டரில் பிருந்தா தட்டினாள். எந்தக் கம்பியில் எதை வெட்டலாம் என்று பட்டியல் வந்தது. மனுஷர் அதை நம்பாமல் தம் பென்சில் கணக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

"ரெண்டு கம்பி மிச்சமாகுதேம்மா..." என்றார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "சரி. திங்கட்கிழமை வா. இங்கேயே ஒரு மேஜை போடச் சொல்றேன்."

திரும்பும்போது ஆட்டோவில் பிருந்தா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

என் பெண்ணின் வருஷத்தைக் காப்பாற்றியது யார்? பூஜை நாளில் பூஜையை விட்டுவிட்டு வந்த சைதாப்பேட்டைக்காரர் ஒருவர். புரியாத பொருளுக்குத்தான் நாம் பெரிய பொட்டாக வைக்கிறோம். புரிந்த மனிதர்களை ஒரு வார்த்தை நன்றி சொல்லாமலே அனுப்பிவிடுகிறோம். எனக்கு ஒரு பத்தி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்: தாஸ், நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் பிருந்தா நான்கு ஃப்ளாப்பிகளில் காப்பி எடுத்தாள். ஒன்று கல்லூரிக்கு, ஒன்று பட்டறைக்கு, ஒன்று அவளுக்கு. நான்காவதை என்னிடம் நீட்டினாள். "இது உன்கிட்ட இருக்கட்டும்மா. பத்திரமா வெச்சுக்கோ."

வாங்கிக்கொண்டேன்... கையைக் கழுவிவிட்டுத்தான்!