பூஜையில் வைத்த எண்கள்

எதிர்வீட்டுக்குப் புதிதாய்க் குடிவந்த பெண் நேற்று லேப்டாப்புக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள். வைத்த கையோடு திறந்து ஆபீஸ் வேலையும் பார்த்தாள். அந்த ஈரச் சந்தன வாசனை என் கூடம் வரை வந்தது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த நாளில், ஆயுத பூஜை என்றால் என்னைக் கையில் பிடிக்க முடியாது. நாங்கள் அரக்கோணத்துக்காரர்கள்; பிழைக்கத்தான் அந்தத் தெலுங்கு நாட்டு ஊருக்குப் போனோம். என் வீட்டுக்காரருக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை. ஸ்பானர், அரிவாள்மணை, சைக்கிள் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வெடுக்க வேண்டும். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் என் பூஜையில் பிசகு கண்டவர் கிடையாது. அந்தக் கர்வம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, சிரிக்காதீர்கள்.

மகள் சுமதி உதிரிகள் வாங்கி அவளே பூட்டிய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று அலமாரி ஓரம் இரைந்துகொண்டே இருக்கும். லினக்ஸ் என்பாள். அந்த ஒன்றுக்குள்ளேயே மூன்று சர்வர்கள் ஒண்டுக் குடித்தனம் போல் குடியிருந்தன. கெஸ்ட் என்று பெயர். நான் வெங்காயம் நறுக்குவேன், அவள் தட்டிக்கொண்டே சொல்லுவாள்.

"ஒவ்வொரு கெஸ்டும் தனக்குள்ளயே பேசிக்கணும்மா. அதுக்குத்தான் லூப்பேக்னு ஆளுக்கு ஒரு நம்பர். மூணுக்கும் ஒரே நம்பர்னா, ஒண்ணு பேசறது இன்னொண்ணுகிட்ட போயிடும்."

"நம்ம வீட்டுச் செவுரு மாதிரின்னு சொல்லு. நான் உங்கப்பாவத் திட்டுனா பக்கத்து வீட்டுக்காரரு பதில் சொல்றாரே!"

"ஹவ்!" என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரி ஆமாம் போட்டுச் சிரிப்பாள்.

அந்த வருஷம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. அவர்களுக்கு ஏது தசரா? தசரா அன்றே காலை எட்டு மணிக்குப் பெட்டியைக் கொண்டுபோய், மூன்றையும் ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. அவள் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் சுவிட்சை அணைத்து, பெட்டியைத் துடைத்துப் பொட்டு வைத்தேன். அவள் அந்த எண்களை எழுதி வைத்திருந்த காகிதத்தையும் புத்தகங்களோடு அடுக்கி, மஞ்சள் துணி போர்த்திக் கற்பூரம் காட்டினேன்.

சாயங்காலம் வந்தவள் முகம் வெளுத்துவிட்டது. எண்களைக் கையால் போட்டிருந்தாளாம். பெட்டி தானாய் எடுத்துக்கொள்ளும்படி இன்னும் எழுதி வைக்கவில்லையாம். அணைத்ததும் எல்லாம் போய்விட்டது.

"இரும்புதானே, போட வுடு," என்றார் அவர். பெட்டிக்குச் சம்மதித்தேன். ஆனால் எழுத்து சரஸ்வதி அல்லவா?

"அந்தப் பேப்பர மட்டும் குடும்மா."

"காலையில பத்து மணிக்குத்தான் மறுபூஜை. அதுவரிக்கும் தொடக் கூடாதுடி."

"எட்டு மணிக்கு இன்டர்வியூம்மா!"

"படிச்சவதானே நீ, மனசுல இல்லியா?"

துணி அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவள் தொடவில்லை. ஞாபகத்திலிருந்தே தட்டினாள். இரண்டு சரியாயின. மூன்றாவதன் எண் மட்டும் ஞாபகம் வரவில்லை; அது பேசுவது முதலாவதிடமே போய்க்கொண்டிருந்தது.

காலையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனாள். பத்தரைக்கே திரும்பிவிட்டாள். அப்போதுதான் மறுபூஜை முடித்திருந்தேன். காகிதத்தை எடுத்து நீட்டினேன்.

"இப்ப எதுக்கும்மா?" என்றாள். சண்டை போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பிறகு வேறு ஊரில் வேறு வேலை கிடைத்தது. பெரிய வேலைதான் என்கிறார்கள். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். குவார்ட்டர்ஸையும் இடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் சுமதி போன் பண்ணுகிறாள்; சாப்பாடு, மாத்திரை எல்லாம் மறக்காமல் விசாரிப்பாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே நானும் விடாமல் கேட்பேன்: "அங்க இன்னா வேலடி பண்றே?"

"ஆபீஸ் வேலதாம்மா," என்பாள்.