என் வாள்காரியின் இரண்டாம் பாகம்

கல்முனைக் கடைத்தெருவில் காசு போட்டு ஆடும் சண்டை விளையாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. பெண்பிள்ளை அங்கே போய் நிற்கக் கூடாது என்று உம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் அண்ணன், காக்காதான் அதே விளையாட்டை வீட்டுக் கணினியில் ஏற்றித் தந்தார். அவருக்குக் கோடரிக்காரன், எனக்கு வாள்காரி. ஒரே விசைப்பலகையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு விளையாட்டில் எதிரிகள் பிடித்திருந்த நகரத்தை எத்தனையோ தரம் மீட்டோம்.

எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்குப் போய்விட வேண்டும். அதனால் வீடு எனக்கு வந்தது, காக்கா மதினிக்குப் போனார். நியாயமான பங்கு என்றார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. உடுப்புப் பெட்டியோடு வாசலில் நின்றவர், "ரெண்டாம் பாகம் வரப்போகுதாம். அத உன்னோடதான் ஆடுவன், தங்கச்சி," என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அது வெளிவந்ததும், அதன் கதையை முன்கூட்டியே சொல்ல வந்த சிநேகிதிகளின் வாயை அடைத்தேன்.

இந்தப் பெருநாளைக்கு மதினி வீட்டுக்குப் போனபோதுதான் சேர்ந்து ஆட வாய்த்தது. நாங்கள் மீட்ட நகரம் இதில் எரிந்து கரியாய்க் கிடந்தது. ஆட்களைத் தெரிவுசெய்யும் இடத்தில் வாள்காரியைக் காணவில்லை.

"அவ எங்க, காக்கா?"

"தெரியாது. பாப்பம்."

வேறு வழியில்லாமல் ஒரு வில்லுக்காரனை எடுத்தேன்.

கடைசிக் கதவு திறந்தது. உள்ளே கறுப்புக் கவசத்தோடு என் வாள்காரி நின்றாள். நகரத்தை மீட்ட கையோடு கோடரிக்காரன் அவளை மறந்து போய்விட்டானாம், அந்தப் பகையாம். எனக்குக் கை ஓடவில்லை. காக்காவுக்கு நன்றாக ஓடியது. அவள் அசையுமுன்பே தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். அவள் பாய்ந்து விழுந்த இடத்தில் கோடரி தயாராக இருந்தது.

"இத நீங்க முதலே முடிச்சிட்டீங்க, காக்கா."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஓம். மதினியோட ஒருக்கா."

ஆடியதைக்கூடப் பொறுத்திருப்பேன். தெரியாது என்றாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

குசினியில் சமைத்தபடியே மதினி நல்ல மனதோடு குரல் கொடுத்தார்: "இடது பக்கத்தால அடிங்க, லேசா விழுந்திருவா."

என் வாள்காரியை எங்கே அடித்தால் விழுவாள் என்று அந்த வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.